வெறும் நாற்காலி

திருவிழாவை விமரிசனம் செய்யலாமா என்று சிலருக்குச் சந்தேகம் வரலாம். நாவலை விமரிசிக்கிறோம், நாடகத்தை விமரிசிக்கிறோம். கச்சேரிக்குப் போய் வந்தால் பல்லவி எப்படி, நிரவல் எப்படி என்று ஒரு வாரம் பேசுகிறோம். சந்தைக்கோ திருவிழாவுக்கோ போய் வந்தால் மட்டும் 'நல்ல கூட்டம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இது நியாயமில்லை என்பது என் கட்சி. திருவிழாவும் ஒரு சிருஷ்டிதான். ஒருவர் எழுதுவதை ஓர் ஊரே சேர்ந்து எழுதுகிறது, அவ்வளவுதான். அதற்கும் உருவம் உண்டு, பாத்திரங்கள் உண்டு, ஒத்திகை உண்டு, பொய்யும் உண்டு. ஆகவே ஒரு நாவலைப் படித்து முடித்ததும் கேட்கிற கேள்வியை இதனிடமும் கேட்கலாம்: இதில் உயிர் இருக்கிறதா? இருந்தால் எந்த இடத்தில் இருக்கிறது?

2023-ஆம் வருஷம் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரையில் லிவர்பூலில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். வேல்ஸ் தேசத்தின் வட கடற்கரை அங்கிருந்து அதிக தூரமில்லை. காலையில் ரயில் ஏறினால் கடலைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அப்படிப் பல தடவை போய் வந்த ஊர் லாண்டுட்னோ. ஊர்ப் பெயரின் முதல் எழுத்தை வேல்ஸ்காரர்கள் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இரு பக்கமும் காற்றை விட்டுச் சொல்கிறார்கள். நமது எழுத்தில் அதற்கு வழியில்லை.

இரண்டு குன்றுகளுக்கு நடுவே பிறை போல வளைந்த கடற்கரை. கரையோரம் முழுவதும் வெளிறிய வர்ணம் பூசிய ஹோட்டல்கள், ஒரே உயரத்தில். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மாஸ்டின் என்ற ஜமீன் குடும்பத்தின் நிலத்தில் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் இது. 1877-இல் கடலுக்குள் நீண்ட பாலம் போட்டார்கள். 1902-இல் கிரேட் ஓர்ம் என்ற பெரிய குன்றின் மேல் கம்பிவடம் இழுக்கும் டிராம் விட்டார்கள். இரண்டும் இன்னும் இருக்கின்றன. ஆரம்பத்திலிருந்தே வெளியூர்க்காரர்களை எதிர்பார்த்துக் கட்டிய ஊர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் விழாக்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்த்தது மே மாத முதல் விடுமுறையை ஒட்டி நடக்கும் விக்டோரியா காலத்துத் திருவிழா. கடைத்தெருவில் கார்களை நிறுத்திவிட்டு நீராவி இயந்திரங்களை ஓட விடுகிறார்கள். குடைராட்டினம் சுற்றுகிறது, அதன் நடுவில் காற்றுப் பெட்டி வாத்தியம் தானாக வாசிக்கிறது. உயரத் தொப்பி வைத்த கனவான்களும், கூடை போன்ற பாவாடை அணிந்த சீமாட்டிகளும் குடை பிடித்து நடந்து வருகிறார்கள். வங்கியில் வேலை பார்ப்பவர்களாகவும் பள்ளிக்கூட ஆசிரியைகளாகவும் இருக்க வேண்டும். அந்த மூன்று நாளைக்கு அவர்கள் நடை கூட மாறியிருந்தது. குழந்தைகளுக்குப் பரம சந்தோஷம். எனக்கும் ஒரு மணி நேரம் சந்தோஷமாகவே இருந்தது.

இரண்டாவது மணி நேரத்தில்தான் அலுப்புத் தட்டியது. ஏன் என்று யோசித்தேன். வேஷம் போட்டதை நான் குறை சொல்லவில்லை. கதை எழுதுகிறவன் வேஷத்தைக் குறை சொன்னால் எடுபடாது. அந்த வேஷத்தில் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதுதான் விஷயம். டிராம் ஓட ஆரம்பித்த அதே 1902-இல், சுமார் இருபது மைல் தள்ளி பெத்தெஸ்டா என்ற ஊரில், பலகைக்கல் வெட்டும் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். விக்டோரியா ராணி உயிரோடிருக்கும்போதே, 1900 நவம்பரில், தொடங்கிய வேலைநிறுத்தம் அது. 1903 வரை மூன்று வருஷம் நீடித்தது. தம் வீட்டில் துரோகி யாரும் இல்லை என்று அச்சடித்த அட்டையைத் தொழிலாளர்கள் ஜன்னலில் வைத்திருந்தார்கள். நான் பார்த்த ஊர்வலத்தில் கனவான் இருந்தார், போலீஸ்காரர் இருந்தார், கல்வெட்டுகிறவன் இல்லை.

பள்ளிக்கூடப் பையனும் இல்லை. அந்த நூற்றாண்டில் வேல்ஸின் பல பள்ளிகளில், தாய்மொழியில் பேசிவிட்ட குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்துப் பேசுகிற குழந்தைக்கு அது மாறும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அதற்கு அடி. 1847-இல் வேல்ஸ் மொழி தெரியாத மூன்று ஆங்கிலேயக் கமிஷனர்கள் வந்து பார்த்து, அந்த ஜனங்களின் மொழியையும் ஒழுக்கத்தையும் இழித்து அறிக்கை எழுதிவிட்டுப் போனார்கள். இத்தனையும் விக்டோரியா காலம்தான். இதையெல்லாம் விட்டுவிட்டுத் தொப்பியையும் குடையையும் மட்டும் எடுத்துக்கொண்டால், நல்ல பாத்திரங்களை மட்டும் வைத்து எழுதிய நாவலைப் போல ஆகிவிடுகிறது. பக்கம் புரள்கிறது, ஒன்றும் நடப்பதில்லை.

ஒரே ஒரு இடத்தை மட்டும் விலக்காகச் சொல்ல வேண்டும். தெருவின் ஓரத்தில் ஒரு கிழவர் தம் நீராவி இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் தொப்பி வைத்திருக்கவில்லை. முழங்கை வரை கரி. ஒரு சீமாட்டி படம் எடுக்கலாமா என்று கேட்டபோது நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. அழுத்தமானியின் முள்ளிலேயே அவருக்குக் கண். இயந்திரம் அன்றைக்கு நகராமலே போயிருக்கலாம், அந்தக் கவலை அவர் முகத்தில் இருந்தது. திருவிழா முழுவதிலும் தோற்றுப் போகக் கூடியதாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

கடற்பாலத்தின் வாசலுக்கருகே இன்னொரு விஷயம் இருக்கிறது. பஞ்ச் - ஜூடி பொம்மலாட்டம். 1860-இல் ரிச்சர்ட் காட்மன் என்ற ஊர் சுற்றும் வேடிக்கைக்காரர் இங்கே வந்த இடத்தில் குதிரை இறந்துபோக, கடலில் ஒதுங்கிய மரக்கட்டைகளைச் செதுக்கிப் பொம்மை செய்து ஆட்டினார் என்று அந்தக் குடும்பத்தில் கதை வழங்குகிறது. அன்று முதல் அந்தக் குடும்பமே தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகிறது. நடத்துகிறவருக்குப் 'புரொபஸர்' என்று பட்டம். எந்தச் சர்வகலாசாலையும் கொடுத்ததல்ல. பஞ்ச் என்ற பாத்திரம் இத்தாலியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. 1662-இல் லண்டனில் இதன் மூதாதையைப் பார்த்ததாக சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

கதை அயோக்கியத்தனமானது. பஞ்ச் குழந்தையைத் தூக்கி எறிகிறான், மனைவியை அடிக்கிறான், போலீஸ்காரனை அடிக்கிறான், தூக்குப் போட வந்தவனையே ஏமாற்றித் தூக்கில் மாட்டுகிறான். இதற்கு நீதி போதனை எதுவும் கிடையாது. ஆனாலும் இது உயிருள்ளது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காரணம் எளிது. கூடாரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை எந்த நிமிஷமும் எழுந்து போய்விடலாம். பத்தடி தூரத்தில் ஐஸ்கிரீம் விற்கிறது, அதற்கப்பால் சமுத்திரமே இருக்கிறது. சிரிப்பு ஓரிடத்தில் தளர்ந்தால் கூட்டம் கரைந்துவிடும், தட்டில் காசு விழாது. நான் பார்த்த ஒரு பிற்பகலில், முதலை வரும் கட்டத்துக்கு முன் இரண்டு பையன்கள் எழுந்தார்கள். உள்ளேயிருந்தவர் எப்படிக் கண்டுகொண்டாரோ, முதலையை ஒரு வசனம் முன்னதாகவே கொண்டுவந்துவிட்டார். பையன்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதியவர்களுக்கு அந்த முதலையின் அருமை தெரியும்.

இந்த ஊருக்குப் பக்கத்திலேயே, ஆறு கடலில் கலக்கிற இடத்தில், கான்வி என்ற கோட்டை ஊர் இருக்கிறது. முதலாம் எட்வர்ட் மன்னர் வேல்ஸை அடக்குவதற்காக 1283-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. வெற்றி கொண்ட ராஜா கட்டிய அந்த ஊரில், அவர் காலத்துச் சாசனத்தின் பேரில் செப்டம்பர் 13-ஆம் தேதி தேன் சந்தை நடக்கிறது. சுற்று வட்டாரத்துத் தேனீ வளர்ப்பவர்கள் மதிலுக்குள் வந்து தெருவில் பலகை போட்டு விற்கலாம். ஒரே ஒரு நாள்தான்.

ஆடம்பரம் ஒன்றுமில்லை. பலகை, புட்டி, கையால் எழுதிய சீட்டு. மலைப்புதர்ப் பூவின் தேன் கருஞ்சிவப்பாக, கஷாயம் போலக் கெட்டியாக இருந்தது. ஒரு பலகையில் புட்டிகள் குறைவாக இருக்கவே காரணம் கேட்டேன். "ஜூலை முழுக்க மழை ஐயா, பூச்சி வெளியே போனால்தானே?" என்றார் விற்றவர். என்னோடு ஆங்கிலத்தில் பேசிய அதே மூச்சில் பின்னால் நின்ற கிழவியோடு வேல்ஸ் மொழியில் பேச்சைத் தொடர்ந்தார். அந்த ஜூலை பிரிட்டன் முழுவதிலும் மழை கொட்டிய ஜூலை, எனக்கும் நினைவிருக்கிறது. தேனீ ஏமாற்றினால் பலகை காலியாகவே இருக்கும். வேஷம் போட்டுப் புட்டியை நிரப்ப முடியாது. ஆகவே இந்தச் சந்தையையும் நான் உயிருள்ளவற்றின் வரிசையில் வைக்கிறேன். இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை என்பதும் அதற்கு ஒரு பெருமைதான்.

இதுவரை சொன்னதற்கெல்லாம் உரைகல்லாக இருப்பது ஐஸ்டெத்வாட். லாண்டுட்னோவில் குன்றின் அடிவாரத்துத் தோட்டத்தில் வட்டமாக நட்ட கற்களைப் பார்க்கலாம். ஏதோ ஆதிகாலத்துச் சின்னம் என்று நினைக்கத் தோன்றும். 1963-இல் இந்த ஊரில் தேசிய ஐஸ்டெத்வாட் நடந்ததையொட்டி நட்டவை அவை. 1896-இலும் இங்கே நடந்திருக்கிறது. வருஷா வருஷம் ஆகஸ்ட் முதல் வாரத்தில், ஒரு வருஷம் வடக்கே, மறு வருஷம் தெற்கே என்று ஊர் மாறிப் போகும் விழா அது. சொல்லுக்கு 'உட்காருதல்' என்பதே பொருள். 1176-இல் ரைஸ் பிரபு கார்டிகன் கோட்டையில் கவிஞர்களையும் இசைவாணர்களையும் கூட்டிப் போட்டி வைத்து, வென்றவர்களுக்கு நாற்காலி கொடுத்தார் என்று பழைய வரலாற்றேடு சொல்கிறது. கவிஞர்களுக்குள் சிறந்தவருக்கு நாற்காலி என்ற வழக்கத்தின் வேர் அதுதான்.

இது நிஜமான பழமை. ஆனால் விழாவில் கண்ணைப் பறிக்கும் சடங்குகளுக்கு இந்தப் பழமை கிடையாது. வெள்ளை, நீலம், பச்சை அங்கிகள், கல் வட்டம், தலைமைக் குரு எல்லாம் யோலோ மோர்கனுக் என்ற புனைபெயர் கொண்ட ஒரு கொத்தனாரின் கற்பனை. 1792-இல் லண்டனில் பிரிம்ரோஸ் குன்றின் மேல் அவர் இந்தச் சபையை முதலில் கூட்டினார். ஆதிகால டுருயிட் குருமாரிடமிருந்து இடையறாமல் வந்தது என்று சொல்லிக்கொண்டார். 1819-இல் கார்மார்தனில் அது ஐஸ்டெத்வாடோடு ஒட்டிக்கொண்டது. ஆசாமி சாமானியரல்ல. தாமே கவிதை எழுதி, 14-ஆம் நூற்றாண்டின் மகாகவி டவித் ஆப் க்விலிமுடையது என்று அச்சேற்றியவர். அவர் பொய்களைப் பிரித்து எடுக்க 20-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பாடுபட வேண்டியிருந்தது.

பொய் என்று தெரிந்த பிறகும் சடங்கை அவர்கள் விடவில்லை. விக்டோரியா வேஷத்தில் அலுத்துப் போன நான் இந்த வேஷத்தில் மட்டும் எப்படி ஒன்றிப் போகலாம் என்று வாசகர் கேட்பது நியாயம். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்த ஆகஸ்டில் மேற்கே லின் தீபகற்பத்தில், புல்ஹெலி என்ற கடற்கரை ஊருக்கு அருகே போடியனில் விழா. வெள்ளிக்கிழமை நாற்காலிச் சடங்கு. 1950 முதல் மேடையில் வேல்ஸ் மொழியைத் தவிர வேறு மொழி கூடாது என்பது விதி. என்னைப் போன்றவர்களுக்குக் காதில் மாட்டிக்கொள்ள மொழிபெயர்ப்புக் கருவி கொடுத்தார்கள். நாற்காலிக்கு எழுத வேண்டிய கவிதை கடுமையான பழைய யாப்பில் அமைய வேண்டும். எதுகை மோனையில் பழகிய நமக்கு அதன் இலக்கணத்தை ஓரளவு ஊகிக்கலாம்: ஓர் அடியின் முற்பாதியில் வந்த மெய்யொலிகள் அதே வரிசையில் பிற்பாதியில் திரும்ப வர வேண்டும், இப்படிப் பல வகை.

எழுதுகிறவர்கள் புனைபெயரில்தான் அனுப்புவார்கள். நடுவர்கள் மூவர். அவர்களில் ஒருவர் மேடைக்கு வந்து, வந்த கவிதைகளைப் பற்றிப் பேசுகிறார். சம்பிரதாயமான புகழ்ச்சி அல்ல. இவருக்கு யாப்பு வசப்படவில்லை, இவருக்கு வசப்பட்டது ஆனால் சொல்ல விஷயமில்லை, இவர் கடைசியில் தளர்ந்துவிட்டார் என்று சபையறியச் சொல்கிறார். அந்தப் புனைபெயருக்குரியவர் அதே கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆயிரம் பேருக்கு மேல் இருந்த கூட்டம் இருமக் கூட இல்லாமல் கேட்டது. பாட்டுக் கேட்க, நாட்டியம் பார்க்கக் கூடும் கூட்டத்தைக் கண்டிருக்கிறேன். இலக்கிய விமரிசனம் கேட்கக் குடும்பத்தோடு கூடுவார்கள் என்பதை அங்கேதான் கண்டேன். சடங்கு முடிந்ததும் பரிசுபெற்ற படைப்புகளும் நடுவர் அபிப்பிராயங்களும் சேர்ந்த புத்தகம் அன்றே விற்பனைக்கு வந்துவிடுகிறது. அதை வாங்க நின்ற வரிசையில் பால்வண்டி தள்ளிக்கொண்டு ஒரு தாயும் நின்றாள். வண்டியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

பிறகு எக்காளம். வென்றவரின் புனைபெயரைச் சொல்லி, அவர் மட்டும் எழுந்து நிற்கட்டும் என்கிறார்கள். விளக்கு கூட்டத்தின் மேல் அலைகிறது. எழுந்தவர் ஆலன் லுய்ட். வயது 75, அந்தத் தீபகற்பத்திலேயே வளர்ந்தவர். 1973-இலும் 1976-இலும் நாற்காலி, கிரீடம் இரண்டையும் ஒரே விழாவில் வென்றவர், நாற்பத்தேழு வருஷம் கழித்து மறுபடியும் பெயர் மறைத்து எழுதிப் பரீட்சைக்கு உட்கார்ந்திருக்கிறார். மேடையில் பெரிய வாளைப் பாதி உருவி, சமாதானம் உண்டா என்று மூன்று முறை கேட்கிறார்கள். உண்டு என்று கூட்டம் முழங்குகிறது. பிறகுதான் அவரை உட்கார வைக்கிறார்கள். வாளும் அங்கியும் கொத்தனாரின் கற்பனை என்று எனக்குத் தெரியும். எழுந்து நின்ற கிழவரின் கால் நடுங்கியது கற்பனையல்ல.

இங்கே வேஷம் ஒரு தீர்ப்பைச் சுமக்கிறது. அதனால் அது கனமாக இருக்கிறது. தீர்ப்பு எப்படிப்பட்டது என்பதற்கு இரண்டு வருஷங்களைச் சொல்ல வேண்டும்.

1917-இல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பர்க்கன்ஹெட்டில் விழா. புனைபெயரைச் சொல்லி அழைத்தார்கள்; யாரும் எழவில்லை. எழுதியவர் எல்லிஸ் எவன்ஸ், கவியுலகில் ஹெத் வின். ஆடு மேய்க்கும் குடியானவர் வீட்டுப் பிள்ளை. ஜூலை 31-ஆம் தேதியே பெல்ஜியத்துப் போர்க்களத்தில் இறந்துவிட்டார். நாற்காலியின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தி அவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாற்காலியைச் செதுக்கியவர் பெல்ஜியத்திலிருந்து அகதியாக வந்த ஒரு தச்சர்.

இரண்டாவது வருஷம் 2009. பாலாவில் விழா. நாற்காலி தயாராக இருந்தது. வந்த கவிதைகளைப் படித்த நடுவர்கள், தகுதியுள்ளது எதுவும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். நாற்காலி யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

1917-இன் கதையை எல்லோரும் சொல்வார்கள். சொல்ல வேண்டிய கதைதான். என்னை அதிகம் பாதித்தது 2009. 1911-இன் ஜனத்தொகைக் கணக்கில் வேல்ஸில் நூற்றுக்கு 43-க்கு மேற்பட்டவர்கள் தாய்மொழி பேசினார்கள். 2021-இன் கணக்கில் அது 17.8, அதாவது சுமார் 5,38,000 பேர். இப்படி இளைத்துவரும் மொழியில் ஒருவன் பழைய யாப்பில் நீண்ட கவிதை எழுதி அனுப்புவதே புண்ணியம். குறைநிறை பாராமல் கொடுத்து ஊக்குவிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். இரக்கமுள்ள வாதம் அது. அதை ஏற்றிருந்தால் மொழிக்கு நல்லது செய்ததாக எல்லோரும் திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அப்படிச் செய்யாததுதான் அந்த மொழியிடம் அவர்கள் வைத்திருக்கும் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது. நோயாளியிடம்தான் எது சாப்பிட்டாலும் சரி என்போம். எழுதியது போதாது என்று ஒரு மொழியில் சொல்ல முடிகிறவரை, அதில் இதைவிட மேலாக எழுத முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம்.

விழாவில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. லாண்டுட்னோவுக்குக் கிழக்கே ரில் என்ற கடற்கரை ஊரில் 1953-இல்தான் முதன்முதலாக ஒரு பெண், டிலிஸ் கட்வலாடர், கிரீடம் வென்றார். நாற்காலியில் ஒரு பெண், மெரெரிட் ஹாப்வுட், உட்கார 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புனைபெயரில் அனுப்புகிற போட்டியில் இவ்வளவு தாமதம் என்றால், யாருக்கு யாப்புச் சொல்லிக்கொடுத்தார்கள், யாருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்ற கேள்வி எழுகிறது. தரம் என்ற சொல்லைக் காவல் காப்பவர்கள் வாசல் எவ்வளவு அகலம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லாண்டுட்னோவுக்குப் போகிறவர்கள் மே மாதத்தில் போய்த் தொப்பிகளையும் குடைராட்டினத்தையும் பார்க்கட்டும். குழந்தைகள் இருந்தால் அவசியம் பார்க்க வேண்டும். பொம்மலாட்டக்காரரின் தட்டில் தாராளமாகக் காசு போடட்டும். முடிந்தால் ஆகஸ்டில், விழா வடக்கே வருகிற வருஷமாகப் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அந்தக் கூடத்தில் போய் உட்காரட்டும். தெரியாத மொழியில், படிக்காத கவிதைகளைப் பற்றி, முன்பின் அறியாத ஒருவர் சொன்ன குறைகளைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நேரம், அந்த வருஷத்தில் நான் படித்த எந்தப் புத்தகத்துக்கும் குறைந்ததல்ல.